பச்சையம்மா சொல்லாத பெயர்

"மலைக்கு ரெண்டு குடுங்க" என்றாள் என் மனைவி.

பஸ் திண்டிவனத்தைத் தாண்டி செஞ்சி சாலையில் ஓடிக்கொண்டிருந்தது. நடத்துநர் டிக்கெட்டுக் கட்டைக் கையில் வைத்துக்கொண்டு அவளைப் பார்த்தார்.

"எந்த மலைக்கும்மா? செஞ்சியிலயும் மலைதான் இருக்குது. ஊர் பேரச் சொல்லு."

"பெரிய மலைக்குங்க. தீபம் ஏத்துவாங்களே."

"அதுக்கு ஒரு பேரு இருக்குதுல்ல?"

பச்சையம்மா என் பக்கம் திரும்பினாள். நான், "திருவண்ணாமலைக்கு ரெண்டு" என்றேன்.

முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். "இன்னாம்மா, மாமனார் பேரா?"

அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். நடத்துநருக்கும் விஷயம் புரிந்துவிட்டது. "எங்க ஊட்லயும் இதே ரோதனைதான். எங்க அப்பா பேரு பெருமாள். எங்கம்மா சனிக்கிழமை கோயிலுக்குப் போனா ஊமை மாதிரி நின்னுட்டு வரும்" என்று சொல்லிக்கொண்டே டிக்கெட்டைக் கிழித்தார்.

என் அப்பாவின் பெயர் அண்ணாமலை. என் பெயர் அருணாசலம். முதலாவது தமிழ், இரண்டாவது வடமொழி. இரண்டும் ஒரே சாமிக்கு, ஒரே மலைக்கு உள்ள பெயர்கள். மாமனார் பெயரையும் புருஷன் பெயரையும் வாயால் சொல்லக்கூடாது, சொன்னால் புருஷனுக்கு ஆயுசு குறையும் என்று பச்சையம்மாவுக்கு அவள் வீட்டில் சொல்லி வளர்த்திருந்தார்கள். மற்ற ஊர்ப் பெண்ணாக இருந்தால் இது பெரிய கஷ்டமில்லை. இவள் பிறந்ததோ மலையைச் சுற்றும் பாதையிலேயே இருக்கிற அடி அண்ணாமலையில். கல்யாணம் ஆன நாளிலிருந்து தன் சாமியின் பெயரையும் தன் ஊரின் பெயரையும் சேர்த்தே விட்டுவிட்டாள். சாமியை "நெருப்புச்சாமி" என்பாள். ஊரை "மலையூரு" என்பாள். என்னை "கலா அப்பா" என்பாள். கலா எங்கள் ஒரே மகள்.

நான் பிறந்ததும் வளர்ந்ததும் மலேசியாவில். அப்பா பிழைக்கப்போன ரப்பர்த் தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் ஆறாம் வகுப்பு வரை படித்தேன். பிறகு கிள்ளானில் சின்னதாக ஒரு மளிகைக் கடை வைத்தேன். அப்பா ஊர்ப்பாசத்தில் அடி அண்ணாமலையிலிருந்தே பெண் எடுத்து எனக்குக் கட்டிவைத்தார். கடையில் நாள் முழுவதும், "பச்சை, சீனி எங்கே? பச்சை, கணக்கு நோட்டு எங்கே?" என்று அவள் பெயர்தான் என் வாயில். திருப்பி அவள் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. அதை ஒரு குறையாக நான் நினைத்ததும் இல்லை.

எனக்கு மாரடைப்பு வந்து நெஞ்சைத் திறந்து ஆபரேஷன் செய்தார்கள். தொண்ணூறுகளின் கடைசியில் நாங்கள் மலேசியாவிலிருந்து இந்தப் பயணம் வந்ததற்குக் காரணமே அதுதான். கண் விழித்தபோது பச்சையம்மா கட்டில் பக்கத்தில் நின்றிருந்தாள். "நெருப்புச்சாமிகிட்ட வேண்டிக்கிட்டேன். உங்களத் திருப்பிக் குடுத்தா, பௌர்ணமி அன்னிக்கு ரெண்டு பேரும் ஜோடியா, செருப்பில்லாம, நடந்து வந்து சுத்தறோம்னு சொல்லிட்டேன். நீங்க நல்லா நடக்கணும்" என்றாள். அவளுக்கே முழங்கால் வலி. நாள் தள்ளினால் நடக்க முடியாது என்று சொல்லிச் சொல்லி, மார்கழிப் பௌர்ணமிக்கு என்னைக் கிளப்பிவிட்டாள்.

செஞ்சிக்குப் பக்கத்தில் பஸ் டயர் வெடித்தது. எல்லோரும் இறங்கிப் புளிய மரத்தடியில் நின்றோம். கிள்ளானில் பஸ் நின்றால் ஆளாளுக்கு முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார்கள். இங்கே அது ஒரு சின்ன திருவிழா ஆகிவிட்டது. ஓர் அம்மாள் கூடையைத் திறந்து அவித்த வேர்க்கடலை விற்க ஆரம்பித்தாள். பச்சையம்மா ஓடினாள். "மல்லாட்டைங்க! எவ்ளோ வருஷம் ஆச்சு!" என்று மடி நிறைய வாங்கிவந்து, உரித்து உரித்து எனக்குக் கொடுத்தாள். உப்புத் தண்ணீரில் வெந்த பிஞ்சுக் கடலை. கிள்ளானிலும் கடலை கிடைக்கிறது. இந்த மண் வாசனை அதில் கிடையாது.

"உப்பு ஜாஸ்தி சாப்டாதீங்க, டாக்டர் சொல்லிக்கிறாரு" என்று கடைசியில் என் கையிலிருந்ததையும் பிடுங்கிக்கொண்டாள்.

பக்கத்தில் கறுப்பு வேட்டி கட்டிய ஐயப்ப சாமிகள் தெலுங்கில் பேசிக்கொண்டிருந்தார்கள். தூரத்தில் ஏதோ மலையைக் காட்டி, "அதுவா, அதுவா?" என்று ஒருவர் கேட்க, "அது தெரிந்தால் நான் சொல்ல வேண்டியதில்லை, உன் கையே தானாகக் கும்பிடும்" என்றார் இன்னொருவர். கடையில் எங்களுக்குக் கொஞ்சம் தெலுங்கு வாடிக்கை உண்டு, அதனால் எனக்குப் புரிந்தது. டயர் மாற்றி பஸ் கிளம்பிக் கொஞ்ச தூரம் போனதும் அந்த மலை தெரிந்தது. என் கை தானாகத்தான் எழுந்தது. பச்சையம்மா கும்பிடவில்லை. கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டே இருந்தாள், பஸ் திரும்பும்போதெல்லாம் அவள் கழுத்தும் திரும்பியது.

ஊருக்குள் நுழைந்ததும் எனக்கு ஒரு வெட்கம் வந்தது. எங்கே பார்த்தாலும் என் பெயர். பஸ்ஸின் நெற்றியில் அருணாசலா. ஓட்டல் அருணாசலா. சைக்கிள் கடை, ஜெராக்ஸ் கடை, நகை அடகுக் கடை, லாரி, ஆட்டோ எல்லாம் அருணாசலா. ஒரு கோழிக்கறிக் கடைக்கும் அதே பெயர் வைத்திருந்ததைப் பார்த்து மனசு கொஞ்சம் சங்கடப்பட்டது. மலேசியாவில் என் பெயரை முழுதாகச் சொன்னவர்களே குறைவு. மலாய்க்காரர்கள் "அருணா" என்று பெண்பிள்ளையைக் கூப்பிடுவதுபோல் கூப்பிடுவார்கள். சீனத்து மொத்த வியாபாரி பெயரே வேண்டாம் என்று "பாஸ்" என்பார். இங்கே வந்தால் என் பெயர் ஊர்ச்சொத்தாக இருக்கிறது. நாங்கள் தங்கிய லாட்ஜுக்கும் அதே பெயர்தான்.

"ஏங்க, ஆட்டோக்காரர்கிட்ட நீங்களே சொல்லிடுங்க. என்னால இந்த ஊர்ல எந்த எடத்துக்கும் வழி கேக்க முடியாது" என்றாள் பச்சையம்மா. நான் சிரித்தேன். அன்றைக்கு அது சிரிக்கிற விஷயமாகத்தான் இருந்தது.

மறுநாள் காலை இட்லி, வடகறி. வடகறி என் நாக்குக்குப் புதிது. பருப்பு வடையைப் பிட்டுப் போட்ட குருமா மாதிரி, காரம் தூக்கலாக இருந்தது. சாப்பிட்டதும் கோயிலுக்குப் போனோம். சந்நிதியில் கூட்டம் தள்ளினாலும் குருக்கள் பதற்றமில்லாமல் தட்டை வாங்கினார். நான் சட்டையைக் கழற்றி மடித்துக்கொண்டு பின்னால் நின்றேன். தட்டு பச்சையம்மா கையில் இருந்தது.

"யார் பேருக்கும்மா அர்ச்சனை?"

"எங்க வீட்டுக்காரருக்குங்க. சாமி பேருதான்."

"இங்கே பாதிப் பேர் அப்படித்தான் சொல்றா. அண்ணாமலையா, அருணாசலமா, சோணாசலமா?"

நடுவில் உள்ளதற்கு அவள் தலையாட்டினாள். குருக்கள் சிரித்துக்கொண்டே, "இதெல்லாம் பழகிப்போச்சு. வயசான மாமிகள் வந்தா ஒண்ணு, ரெண்டுன்னு விரல்லயே காட்டுவா" என்று சொல்லிவிட்டு, நட்சத்திரம் கேட்டு அர்ச்சனை செய்தார். என் பெயரைச் சாமியின் காதுக்குப் பக்கத்தில் வைத்து அவர் சொன்னபோது, பச்சையம்மா இரண்டு கையாலும் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

தீபாராதனைத் தட்டை நீட்டும்போது குருக்களிடம் என் பெயருக்கு அர்த்தம் கேட்டேன். அத்தனை வயதுக்கும் கேட்டதில்லை. "அருணம்னா சிவப்பு. அசலம்னா அசையாதது, மலை. செக்கச் சிவந்த நெருப்பு அசையாம நிக்கறது. நினைச்சாலே போதும்னு சொல்ற க்ஷேத்திரம் இது. வாயால சொல்லணும்னுகூட இல்லே" என்றார். கடைசி வாக்கியத்தைக் கேட்டு பச்சையம்மா முகத்தில் வந்த நிம்மதியை நான் பார்த்தேன். வெளியே வந்ததும், "கேட்டீங்களா? வாயால சொல்லணும்னு இல்லையாம். இவ்ளோ நாளு நானு பண்ணினது தப்பில்ல" என்றாள். இத்தனை வருஷம் அவளுக்குள் அப்படி ஒரு பயம் இருந்தது என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

மூன்றாம் நாள் பௌர்ணமி. அன்று விடிகிறபோதே பௌர்ணமி பிறந்துவிட்டதாகச் சொன்னார்கள். வெயிலுக்கு முன் சுற்றி முடிக்கலாம் என்று இருட்டு பிரியும் நேரத்தில் ராஜகோபுரத்துக்கு முன்னால் கற்பூரம் ஏற்றிவிட்டுக் கிளம்பினோம். வழியில் காப்பி குடித்துவிட்டு மாத்திரை போட்டுக்கொள்ளலாம் என்று என் நெஞ்சு மாத்திரைகளை பச்சையம்மா தன் சுருக்குப்பையில் போட்டு இடுப்பில் செருகிக்கொண்டாள்.

கூட்டம் எனக்குப் புதிதில்லை. தைப்பூசத்துக்குப் பத்துமலையில் நெரிசல் பார்த்தவன் நான். அங்கே காவடியும் மேளமும் காதைப் பிளக்கும். இங்கே ஆயிரக்கணக்கான வெறுங்கால்கள் தார்ச்சாலையில் தேயும் சத்தம்தான் பெரிய சத்தம். இடையிடையே யாராவது ஒருவர் குரல் கொடுப்பார்: "அண்ணாமலையாருக்கு!" கூட்டம் முழுவதும், "அரோகரா!" என்று சொல்லும். இன்னொருவர், "அருணாசலா!" என்பார். மறுபடியும், "அரோகரா!"

பச்சையம்மா "அரோகரா" மட்டும் சொல்லிக்கொண்டு வந்தாள். யார் கூப்பிட்டாலும் முதலில் எழும் பதில் அவளுடையதாக இருந்தது. கூப்பிடுகிற பங்கு அவளுக்கு இல்லை, பதில் சொல்கிற பங்கை அவள் யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை.

செங்கம் சாலையில் ஆசிரமம் இருக்கும் பகுதிக்கு வந்தபோது நன்றாக விடிந்துவிட்டது. வெள்ளைக்காரர்கள் வேட்டி கட்டிக்கொண்டு டீக்கடைகளில் உட்கார்ந்திருந்தார்கள். கடை வாசலில் நின்ற ஒரு வெள்ளைக்கார அம்மாள் என்னைப் பார்த்துக் கும்பிட்டு, தன் பெயர் அருணாசலா என்று சொன்னாள். இங்கே வந்து வைத்துக்கொண்ட பெயராம். என் பெயரும் அதுதான் என்றேன். அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. என் கையைப் பிடித்து, என் பெயரை மூன்று நான்கு தடவை சொல்லிப் பார்த்தாள்.

பச்சையம்மா என் காதருகே வந்து, "பாருங்க, கடல் தாண்டி வந்தவ எவ்ளோ சுளுவா சொல்றா" என்றாள்.

"நீயும் சொல்லேன், யாரு உன்னைப் பிடிச்சுக்கட்டிப் போட்டிருக்கா?"

"ஆபரேஷன் பண்ணி ஒட்டவெச்ச ஆளு. நானு சொல்லி உங்களுக்கு ஒண்ணு ஆச்சுன்னா? போங்க, போயி சுக்குக் காப்பி வாங்குங்க, மாத்திர போடணும். நானு அந்த மல்லாட்ட கூடையப் பாத்துட்டு வரேன்."

சுக்குக் காப்பி வாங்க வரிசையில் நின்றேன். இரண்டு தம்ளருடன் திரும்பினபோது ஒரு பஜனைக் கோஷ்டி பெரிய படம் ஒன்றைத் தூக்கிக்கொண்டு, சாலையை அடைத்துக்கொண்டு போனது. அவர்கள் போய்த் தீர்ந்தபோது கடலைக் கூடைக்காரி இருந்தாள், பச்சையம்மா இல்லை.

பதறவில்லை. திரும்பி வருவாள் என்று அங்கேயே நின்றேன். காப்பி ஆறிப்போயிற்று. கடலைக்காரியிடம் கேட்டதற்கு, "பச்சப் பொடவை அம்மாவா? சாமி தூக்கினு போனாங்களே, அவங்களோட தள்ளினு போயிருக்கும்" என்றாள். அவள் முன்னால் போயிருந்தால் பின்னால் வரமாட்டாள் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. மலையை வலமாகச் சுற்ற ஆரம்பித்தவர்கள் இடமாகத் திரும்பி நடக்கக்கூடாது, அது அபசாரம். நாலு அடியானாலும் அவள் திரும்ப மாட்டாள். நானும் திரும்ப மாட்டேன். ஆகவே முன்னால் நடந்தேன்.

செங்கம் சாலையை விட்டு மலைப்பாதை பிரியும் திருப்பத்தில் பந்தல் போட்டு ஓர் உதவி மையம் வைத்திருந்தார்கள். தொலைந்துபோனவர்களுக்காக அந்தத் திருப்பத்து மரங்களில் குழாய் ஒலிபெருக்கி கட்டி, மைக்கில் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் சாலையின் மறு ஓரத்தில், நெரிசலுக்குள் இருந்தேன். அங்கே போய்ச் சொல்லலாமா என்று ஒரு நினைப்பு வந்தது. அடுத்த நிமிஷமே, பிறந்த ஊரில் அவள் தொலைவாளா, நேராக அடி அண்ணாமலைக்குப் போய்த் தன் கோயில் வாசலில் உட்கார்ந்திருப்பாள் என்று தோன்றிற்று.

அப்போதுதான் அந்தக் குரல் கேட்டது.

"அருணாசலம்! அருணாசலம்!"

ஒரு பெண்ணின் குரல். ஒலிபெருக்கியின் கரகரப்பில் உடைந்து, அழுகையும் கூச்சலுமாக வந்தது. சுற்றி நடந்தவர்கள் எல்லோரும் கைகளைத் தூக்கி, "அரோகரா!" என்றார்கள். நானும் இரண்டு கைகளையும் தலைக்குமேல் தூக்கினேன். "அரோகரா!" என்றேன்.

"அருணாசலம்!"

"அரோகரா!"

எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. யாரோ பக்தி முற்றிய அம்மாள், மைக்கைப் பிடுங்கிச் சாமியைக் கூப்பிடுகிறாள், நமக்கு இந்த உருக்கம் வரவில்லையே என்று கண்ணைத் துடைத்துக்கொண்டேன். துடைத்துக்கொண்டே அந்தத் திருப்பத்தைத் தாண்டி நடந்தேன்.

அடி அண்ணாமலை கோயில் வாசலில் அவள் இல்லை. அவள் சொல்லியிருந்த தெருவில் போய்ப் பார்த்தேன். அவர்கள் வீடு இருந்த இடத்தில் ஒரு குளிர்பானக் கடை. கடைக்காரம்மாளிடம் விசாரித்தேன். "பச்சையம்மாவா? பேரு கேட்ட மாதிரி இருக்குது. இங்க யாரும் வரல அண்ணே. நீங்க வேர்த்துக் கொட்டறீங்க, உக்காருங்க" என்று ஸ்டூல் போட்டாள். உட்கார மனமில்லை. நெஞ்சு லேசாக அடைப்பதுபோல் இருந்தது. மாத்திரை ஞாபகம் அப்போதுதான் வந்தது. முன்னால்தான் போயிருப்பாள், இன்னும் முன்னால், என்று நடந்தேன். குபேர லிங்கத்தில் இல்லை. ஊருக்குள் இல்லை. ராஜகோபுரத்தின் முன்னால் கற்பூரம் ஏற்றின இடத்தில் இல்லை. லாட்ஜில் இல்லை. மலையை முழுதாகச் சுற்றி முடித்திருந்தேன், தனியாக.

கடைசியில் ஓர் ஆட்டோ பிடித்து, கிளம்பின திசையிலேயே மறுபடியும் செங்கம் சாலையில் வந்தேன். வெயில் உச்சிக்கு ஏறிவிட்டது. திருப்பத்துப் பந்தலில், பெஞ்சின் ஓரத்தில், முந்தானையைத் தலைவரை இழுத்துப் போர்த்திக்கொண்டு அவள் உட்கார்ந்திருந்தாள்.

மைக் பக்கத்தில் இருந்த மீசைக்காரர் என்னைப் பார்த்ததும் எழுந்தார். "வாங்க சார், நீங்கதான் அந்த மகாராஜனா? அம்மாவ விட்டுட்டு எங்க போனீங்க, மலேசியாவுக்கே போயிட்டீங்களா?"

நான் பச்சையம்மா பக்கம் போனேன். அவர் நிறுத்தவில்லை. காலையிலிருந்து பட்ட பாட்டை யாரிடமாவது சொல்ல அவருக்கும் ஆள் வேண்டியிருந்தது.

"வூட்டுக்காரர் பேரு இன்னாம்மான்னா சொல்ல மாட்டேன்றாங்க. கலா அப்பான்னு சொல்லுங்கன்னாங்க. சொன்னேன். ரெண்டு கலா அப்பா வந்து நின்னாங்க சார்! ஒருத்தர் செய்யாறு, ஒருத்தர் போளூரு. ரெண்டு பேருக்கும் பொண்ணக் காணோமான்னு பயம் வேற. சரி, லாட்ஜு பேராவது சொல்லும்மான்னா, அதுவும் அதே பேராம், வாயே தொறக்கல. முன்னால போயித் தேடறீங்களா, யாரையாவது கூட அனுப்பறேன்னா, ஜோடியாத்தான் சுத்துவேன்னு வேண்டிக்கினேன், தனியா ஒரு அடி வெக்க மாட்டேன்றாங்க. அப்புறம் என்ன நெனச்சாங்களோ, இடுப்புல கைய வெச்சிப் பாத்தாங்க. மாத்திர, மாத்திர, மாத்திர எங்கிட்ட இருக்குதுன்னு ஒரே கத்து. எங்கையிலேர்ந்து மைக்கப் புடுங்கினாங்க பாருங்க! எத்தினி வாட்டி கூப்ட்டாங்க! ஊரே அரோகரா போட்டுது. உங்களுக்கு மட்டும் கேக்கலையா?"

"கேட்டுது" என்றேன்.

அவருக்கு அது புரிந்திருக்காது. பச்சையம்மாவுக்குப் புரிந்தது. முந்தானையை விலக்கி என்னைப் பார்த்தாள். கண் வீங்கியிருந்தது. முதலில் சுருக்குப்பையை அவிழ்த்து மாத்திரையை என் உள்ளங்கையில் வைத்து, பந்தல் பானையிலிருந்து தண்ணீர் மொண்டு கொடுத்தாள். நான் விழுங்குகிறவரை என் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம்தான் பேசினாள்.

"சொல்லிட்டேங்க. ஊரு பூரா கேக்கச் சொல்லிட்டேன்."

"எனக்கு ஒண்ணும் ஆகலை, பாரு. நல்லா நிக்கிறேன்."

"நீங்களும் அரோகரா சொன்னீங்களா?"

தலையாட்டினேன். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே அழுதாள். "இன்னா மனுசங்க நீங்க! நானு தொண்ட கிழியக் கூப்பிடறேன், நீங்க எனக்கே கைய தூக்கிக் கும்புடு போட்டுட்டுப் போயிருக்கீங்க!" மீசைக்காரர் வாயைப் பொத்திக்கொண்டு மைக் பக்கம் திரும்பினார்.

"வா, இப்பவே சேர்ந்து சுத்தலாம்" என்றேன்.

"நீங்க சுத்தி முடிச்சாச்சு. இன்னொரு சுத்து உங்க ஒடம்பு தாங்காது."

"ஆட்டோவில போகலாம்."

"நடந்துன்னு சொல்லிக்கிறேன் அவருகிட்ட. ஆட்டோவுக்கெல்லாம் பேசல." எழுந்து மலையைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "அடுத்த தடவ வந்து செஞ்சிடலாம்."

அன்று அவள் சாப்பிடவில்லை. பெயர் சொன்னதற்குப் பரிகாரம் என்று பச்சைத் தண்ணீரோடு இருந்தாள். சாயங்காலம் லாட்ஜ் மொட்டை மாடியில் நின்றோம். கிழக்கே நிலா எழுந்து மேற்கே மலை வெளுத்துக்கொண்டிருந்தது. கீழே சாலையில், "அருணாசலா" என்று யாரோ கூப்பிடுவதும், கூட்டம் பதில் சொல்வதும் விடாமல் கேட்டன. அவள் அன்று "அரோகரா"கூடச் சொல்லவில்லை. உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது. என்ன வேண்டுகிறாய் என்று கேட்டேன்.

"அது எனக்கும் அவருக்கும்."

கொஞ்ச நேரம் கழித்து, "பச்சை, காலையில நீ கூப்பிட்டத நான் சரியாக் கேக்கலை. ஒரே ஒரு தடவை, என் காதுக்கிட்ட மெதுவாச் சொல்லேன்" என்றேன்.

"நல்லா இருக்குது! உசுரு போவுதுன்னு சொன்னதுக்கே பட்டினி கெடக்கறேன். ஆசைக்கெல்லாம் சொல்ல முடியாதுங்க" என்று என் தோளில் ஓர் இடி இடித்தாள்.

திரும்பிப் போகிற பஸ்ஸில், மலை மறைகிறவரை அவள் கழுத்து வந்த நாளைப்போலவே திரும்பித் திரும்பிப் பார்த்தது. அடுத்த தடவை என்பது வரவில்லை. முதலில் முழங்கால் போயிற்று. பிறகு ஒரு காய்ச்சல் வந்து, ஆஸ்பத்திரிக்குப் போனவள் வீட்டுக்கு வரவில்லை. ஒட்டவைத்த என் நெஞ்சு இன்னும் ஓடுகிறது. மொட்டை மாடியில் அவள் என்ன பேசி முடித்தாள் என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் பயமாக இருக்கிறது. குருக்கள் சொன்ன அர்த்தத்தை அடிக்கடி நினைத்துக்கொள்வேன். அசையாமல் நின்றவள் அவள். பெயரை வைத்துக்கொண்டு ஊரெல்லாம் ஓடினவன் நான்.

பூஜை அறையில் மலைப் படம் இருக்கிறது. தினமும் விளக்கேற்றி அந்தப் பெயரைச் சொல்கிறேன். சொல்லும்போது சாமி நினைவு வருவதற்கு முன்னால், குழாய் ஒலிபெருக்கியின் கரகரப்பு வந்துவிடுகிறது. என் பெயரை அவள் கூப்பிட்டது அந்த ஒரு நாள்தான். எப்போதும் பதில் மட்டும் சொல்லிக்கொண்டிருந்தவள் அன்று கூப்பிட்டாள். இருபத்தைந்து வருஷத்துக்குமேல் கூடவே இருந்தவளின் வாயில் என் பெயர் எப்படி ஒலிக்கும் என்று தெரியாததால், நான் சாமிக்குச் சொல்கிற பதிலை அவளுக்குச் சொல்லிவிட்டேன்.

மாதத்துக்கு ஒருமுறை நெஞ்சுப் பரிசோதனைக்குப் போகிறேன். காத்திருக்கும் கூடத்தில் சுவரில் ஒலிபெருக்கி வைத்திருக்கிறார்கள். மலாய்க்காரத் தாதி என் பெயரை உடைத்து உடைத்து வாசிப்பாள். மற்றவர்கள் பேசாமல் எழுந்து உள்ளே போவார்கள். நான் அப்படிப் போவதில்லை.

"இதோ வந்துட்டேன்" என்று சத்தமாகச் சொல்லிவிட்டுத்தான் எழுந்திருக்கிறேன். எல்லோரும் திரும்பிப் பார்க்கிறார்கள். பார்க்கட்டும்.